செங்கமலத்துக்கு ஈடு

பெண்டாட்டி இன்னொருத்தனோடு போய்விட்டாள் என்றால் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் அரிவாளைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் சாராயத்தைத் தேடுவார்கள். கல்லுமேட்டு சாமிதுரை வக்கீலைத் தேடிப் பெரம்பலூருக்குப் போனான். அதுவும் உடனே போகவில்லை. அன்றைக்கு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிற முறை. கட்டி முடித்து, எருமையோடு மல்லுக்கட்டி அரைப்படி பாலைக் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். எழுபத்தொன்பதாம் வருஷம், வைகாசி கடைசி.

வக்கீல் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. வக்கீல் பொறுமையானவர். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, கூட்டிக்கொண்டு போனவன் மேல் கிரிமினல் கேஸ் போட்டு அவனை ஜெயிலுக்கு அனுப்பலாம். சாமிதுரை அதைக் கேட்டுவிட்டு, அவன் உள்ளே போய்விட்டால் தனக்கு என்ன வரும் என்று கேட்டான். ஒன்றும் வராது, மனத்திருப்திதான் என்றார் வக்கீல். அப்படியென்றால் வேண்டாம் என்று சாமிதுரை சொல்லிவிட்டான்.

இன்னொன்று, நஷ்டஈடு கேட்டு சிவில் கேஸ். இந்தப் பக்கத்தில் யாரும் போட்டு அவர் பார்த்ததில்லை. நிற்குமா நிற்காதா என்பது போட்டால்தான் தெரியும். தீர்ப்பு வருவதற்குள் வாய்தாவுக்கு நடந்தே காலம் போய்விடும். இருந்தாலும் விசாரித்து வைப்போம் என்று அவர் பேனாவைத் திறந்தார்.

“என்ன நஷ்டம்னு கோர்ட்டுக்கு எழுதணும். மனசு நொந்து போச்சு, நாலு பேர் முன்னாடி தலைகாட்ட முடியல, அது மாதிரி ஏதாவது சொல்லுங்க.”

சாமிதுரை நன்றாக யோசித்தான்.

“வெங்காயத்துல களை ஏறிப்போச்சுங்க சார்.”

“அது இல்லப்பா. மனசுக்கு என்ன நஷ்டம்?”

“அதாங்க சார். காட்டுப் பக்கம் போனாலே மனசு கொதிக்குது.”

வக்கீல் பேனாவை மூடிவிட்டார். பீஸ் எதுவும் வாங்கவில்லை. இதை ஊருக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது என்று சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கல்லுமேடு வாலிகண்டபுரத்துக்கு மேற்கே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அந்தப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கு அப்போது கரண்டு வரவில்லை. கிணறு வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆயில் என்ஜின் வைத்து இறைத்தார்கள். ஓடை ஓரத்தில் சாமிதுரைக்கு ஒரு துண்டு நிலம், கல் வெட்டிய கிணறு, தகரக் கொட்டகைக்குள் ஒரு பழைய என்ஜின். வருஷம் தவறாமல் சின்ன வெங்காயம் போடுவான்.

குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், கடன் வாங்க மாட்டான். பேசவும் மாட்டான். அவனுக்கு ‘சோறு’ என்பது ஒரு முழு வாக்கியம். ‘தண்ணி’ இன்னொன்று. லப்பைக்குடிக்காட்டுப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த செங்கமலமோ பேச்சில் பிறந்து பேச்சில் வளர்ந்தவள். ஆற்றங்கரை ஊர்க்காரி. வந்த புதிதில் அவனிடம் பேசிப் பார்த்தாள். பதில் வராததால் சுவரிடம் பேசுகிற மாதிரி கொஞ்ச நாள் பேசினாள். பிறகு எருமையிடம் பேச ஆரம்பித்தாள். எருமை காதையாவது ஆட்டியது. குழந்தை இல்லை. இருந்திருந்தால் அதனிடம் பேசியிருப்பாள்.

பஞ்சநாதன் ஆயில் என்ஜின் மெக்கானிக். வாலிகண்டபுரத்துக்காரன், செங்கமலத்தின் தாய்வழியில் தூரத்துச் சொந்தம்கூட. பெண்டாட்டி செத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. சைக்கிள் ஹேண்டில்பாரில் ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவன்தான் போவான். முதல் தடவை சாமிதுரையின் என்ஜினுக்கு நாசில் மாற்ற வந்தபோது செங்கமலம் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தாள். அவன் ஒரு மிளகாயைக் கடித்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது, யார் போட்டது என்று கேட்டான். நான்தான் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் அதையே நினைத்துக்கொண்டு களை கொத்தினாள்.

அதற்குப் பிறகு சாமிதுரையின் என்ஜின் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. டீசல் வருகிற குழாயில் காற்றுப் புகுந்தால் ஆயில் என்ஜின் ஓடாது. அதற்கு ஒரு நட்டு லேசாகத் தளர்ந்தால் போதும். பஞ்சநாதன் வந்து, காற்றை எடுத்துவிட்டு, நட்டை முறுக்கிவிட்டுப் போவான். மறு வாரம் திரும்பவும் காற்றுப் பிடித்துக்கொள்ளும். அதே கம்பெனி என்ஜின் பக்கத்துக் காட்டில் கோளாறு இல்லாமல் ஓடியது. சாமிதுரைக்குத்தான் காற்றுப் பிடித்திருக்கிறது என்று களைவெட்டுக்கு வருகிற பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் சாமிதுரை உப்பு எடுக்க அடுப்படிக்குப் போனவன் அகப்பைகளுக்கு நடுவில் ஒரு ஸ்பேனர் தொங்குவதைப் பார்த்தான். எடுத்துக்கொண்டு போய் என்ஜின் கொட்டகையில் ஆணியில் மாட்டினான். செங்கமலம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட இருந்திருப்பேன் என்று பின்னால் அவள் சொன்னாள். அந்த வாரமே பஞ்சநாதன் சைக்கிளில் ஏறி வாலிகண்டபுரம் போய்விட்டாள்.

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த சாமிதுரை நாட்டாமை அங்கமுத்துவிடம் போய் நின்றான். ஊர் கூடியது. பொதுக்களத்தில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். வைக்கோல்போர் ஓரமாகப் பெண்கள் நின்றார்கள். சொல்லி அனுப்பியதும் பஞ்சநாதனும் செங்கமலமும் வந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தாள்.

அடுத்தவன் பெண்டாட்டியைக் கூட்டிப் போனவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஆனால் பஞ்சநாதனிடம் இருந்தது சைக்கிளும் ஸ்பேனர் பையும்தான். சைக்கிளைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் நம் என்ஜின் நின்றால் அவன் எப்படி வருவான் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். வெள்ளைச்சாமி என்கிற கிழவர், பழைய காலத்து மாதிரி கம்பத்தில் கட்டி அடிக்கலாம் என்றார். அதற்கும் யோசனை நடந்தது. அடித்தாலும் கையில் மட்டும் படக் கூடாது, இது தண்ணீர் இறைக்கிற காலம் என்று முடிவாகி, கையில் படாமல் அடிப்பது எப்படி என்று பேச்சு நீண்டது. கடைசியில் அதையும் விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் சாமிதுரை எழுந்தான். அவன் சபையில் பேசி யாரும் பார்த்ததில்லை.

“பணம் வேண்டாங்க. அவளையும் வேண்டாம், போனவ போகட்டும். இந்த வெங்காயத்த எடுக்குற வரைக்கும், அவ செஞ்ச வேலைய இவன் வந்து செய்யட்டும். எனக்கு நஷ்டம் அதாங்க.”

களம் சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தெரிந்தது. அங்கமுத்துவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தீர்ப்பைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் பெண்டாட்டி ரத்தினம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

“அவ செஞ்ச வேலை எல்லாமா?”

இந்தத் தடவை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அங்கமுத்து முகம் சிவந்து, பொழுது கிளம்பியதிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் உள்ள வேலை மட்டும் என்று தெளிவாகச் சொன்னார். செங்கமலத்திடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னாள்.

“செய்யட்டும். செஞ்சாத்தான் தெரியும்.”

மறுநாள் விடியற்காலை பஞ்சநாதன் கட்டுத்தறியில் வந்து நின்றான். சாணி அள்ளுவதில் அவனுக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. எருமைதான் கிட்டவே விடவில்லை. சாமிதுரைக்காவது அரைப்படி கொடுத்தது, இவனுக்குச் சொட்டுக்கூட இறக்கவில்லை. உதைத்துச் செம்பைக் கிணற்றடி வரைக்கும் உருட்டிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் செங்கமலத்திடம் யோசனை கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பேச்சுக் கேட்டுப் பழகிய எருமை, சும்மா கறந்தால் பால் இறக்காது, எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் வந்த கதையைச் சொல்லுங்கள் என்றாள். காலையில் அவன் எருமையின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெள்ளாற்றில் தண்ணீர் வந்த கதையைச் சொன்னான். செம்பு நிரம்பியது. கொட்டகை வாசலில் நின்ற சாமிதுரை அதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

களைவெட்டு அதைவிட மோசம். மலர்கொடி என்கிறவள்தான் களைவெட்டுப் பெண்களுக்குத் தலைவி. முதல் நாள் பஞ்சநாதன் ஒரு பாத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பாத்தியில் கோரை அப்படியே நின்றது, வெங்காயம் பாதியைக் காணவில்லை. மலர்கொடி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோரைக்கும் வெங்காயத் தாளுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தடவிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். கசக்கி முகர்ந்து பார்த்தால் தெரியும் என்று அவன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து வெட்டினான். அந்த வேகத்தில் போனால் தை மாதம்தான் முடியும் என்று பெண்கள் சிரித்தார்கள்.

இன்னொரு தொந்தரவு, சாமிதுரையை அவன் எப்படிக் கூப்பிடுவது என்பது. யோவ் என்று கூப்பிட முடியாது. மச்சான் என்றால் கேலி ஆகிவிடும். அவன் தயங்குவதைப் பார்த்து மலர்கொடி வழி சொன்னாள்.

“இதுல என்ன யோசனை மெக்கானிக்கு? ஒரே சொத்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. பங்காளி மொறைதான். அவரு மூத்தவரு, அண்ணன்னு கூப்புடு.”

அண்ணே என்றே கூப்பிட்டான். முதல் தடவை சாமிதுரை திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை ‘ம்’ என்றான்.

ஆடி பிறந்து காற்று தொடங்கியது. அந்தப் பக்கத்து ஆடிக்காற்றுக்கு இரக்கம் கிடையாது. கரிசல் புழுதியை அள்ளிக் கண்ணில் போடும், களியில் போடும். பஞ்சநாதன் கிண்டிய கேழ்வரகுக் களி ஏற்கெனவே கட்டி கட்டியாக இருக்கும். புழுதியும் சேர்ந்தால் எது மண், எது மாவு என்று தெரியாது. சாமிதுரை அதை வெங்காயத்தாள் பொரியலோடு பேசாமல் தின்றான். மூன்றாவது வாரம் பொறுக்க முடியாமல் அகப்பையை வாங்கித் தானே கிண்டினான். அதுவும் கட்டியாகத்தான் வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, கட்டியை உடைத்து உடைத்துச் சாப்பிட்டார்கள்.

அப்படித்தான் வேலையில் சாமிதுரையும் சேர்ந்துகொண்டான். பஞ்சநாதன் மடை திருப்பத் தடுமாறினால் இவன் மண்வெட்டியை வாங்கினான். அவன் களை கொத்தினால் இவன் எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டினான். இரண்டு ஆண்பிள்ளைகள் விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் பாடுபட்டும் விறகு உடைக்காமல் கிடந்தது, பாத்திரம் கழுவாமல் கிடந்தது, கோரை ஒரு பக்கம் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் மேலக்கோடிப் பாத்திகளுக்கும் மலர்கொடியையும் இன்னும் சில பெண்களையும் கூலிக்கு விட வேண்டியதாயிற்று. இத்தனையும் ஒருத்தி எப்படிச் செய்தாள் என்று சாமிதுரை ஒருநாள் கேட்டான். யாரிடமும் இல்லை, பொதுவாகக் கேட்டான்.

ஒரு விஷயம் மட்டும் நன்றாக நடந்தது. என்ஜின் ஒருநாள்கூடக் காற்றுப் பிடித்து நிற்கவில்லை.

என்ஜின் ஓடும்போது கிணற்றடியில் பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும். சாமிதுரை பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். அதனால் அவன் பேச்சு எல்லாமே கத்தலாக இருந்தது. மடை திருப்பு என்று கத்தினான். பிறகு, உன் பெண்டாட்டி எதில் செத்தாள் என்று கத்திக் கேட்டான். பஞ்சநாதன் பதிலைக் கத்திச் சொன்னான். முருங்கைக்கீரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, கல்யாணம் ஆனதிலிருந்து வாரம் தவறாமல் தின்றேன் என்று இன்னொரு நாள் சாமிதுரை கத்தினான். ஏன் சொல்லவில்லை என்று பஞ்சநாதன் கேட்டான். அவள் ஆசையாகச் செய்தாள் என்று அவன் சொன்னான்.

ஆடி கடைசியில் ஒரு மத்தியானம் பஞ்சநாதன் வெகுநாளாக நெஞ்சில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டான். செங்கமலம் மஞ்சள்காமாலையில் நாராய்க் கிடந்தபோது, சாமிதுரை அவளைத் தனியே விட்டுவிட்டு மாடு பார்க்கச் சந்தைக்குப் போனானாம். அவள் மனசில் ஆறாமல் கிடந்தது அதுதான். அவளே சொல்லியிருந்தாள்.

சாமிதுரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

“சந்தைக்கு எங்க போனேன்? உங்கூரு கோயிலுக்குத்தான் போனேன். இவ பொழச்சு எந்திரிச்சாப் போதும் சாமின்னு வெளிப் பிரகாரம் பூரா உருண்டேன்!”

அவன் ‘பிரகாரம்’ என்று சொல்லும்போது டீசல் தீர்ந்துவிட்டது. என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ‘உருண்டேன்’ மட்டும் காடு முழுக்கத் தனியாகக் கேட்டது. மேலக்கோடியில் களை கொத்திக்கொண்டிருந்த பெண்கள் கொத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சாமிதுரை துண்டால் முகத்தைத் துடைத்தான். டீசல் டின்னை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை.

வாலிகண்டபுரத்தில் செங்கமலம் பாடும் சுகமாக இல்லை. உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிற ஆளை நம்பி வந்தாள். அந்த ஆள் பொழுது சாய்ந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தபடியே தூங்கினான். விழித்திருக்கிற நேரத்தில் சாமிதுரை அண்ணன் இப்படிச் சொன்னார், அண்ணன் அப்படிச் செய்தார் என்றுதான் பேசினான். கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தால், அண்ணனுக்கும் இது ரொம்பப் பிடிக்குமாமே என்றான்.

“நான் அவர விட்டுட்டு வந்தேன்” என்றாள் செங்கமலம். “நீங்க தெனம் அவர வூட்டுக்குக் கூட்டியாந்துடுறீங்க.”

கோயிலில் உருண்ட கதையை அவன் சொன்ன அன்று அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அதை அன்றைக்கே தன்னிடம் சொல்வதற்கு அந்த மனுஷன் வாயில் என்ன வைத்திருந்தான் என்று சட்டிகளை எல்லாம் ஒரு தடவை இடம் மாற்றி வைத்தாள். சந்தை, சந்தை என்று எத்தனை வருஷம் குத்திக்காட்டியிருப்பாள். அத்தனை தடவையும் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தானே. முருங்கைக்கீரை விஷயத்துக்கு அதைவிடக் கோபம் வந்தது.

பிறகு பேச்சுவாக்கில் பஞ்சநாதன் மேலக்கோடிக்குக் கூலியாள் விட்டதைச் சொன்னான். மலர்கொடிக்கும் மற்றவர்களுக்கும் அன்றன்றைக்குக் கூலி கொடுத்துவிட்டாரா என்று செங்கமலம் கேட்டாள். கையோடு கொடுத்துவிட்டார் என்றான் அவன். மேலக்கோடி அவள் எப்போதும் தனியாகக் கொத்துகிற பக்கம். அவள் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது பஞ்சநாதனுக்குப் பயமாக இருந்தது.

ஆவணியில் வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்தது. பிடுங்கி, காயவைத்து, தாள் அறுத்து, மூங்கில் கட்டிச் சோளத்தட்டை வேய்ந்து, இருப்பு வைக்கிற பட்டறையில் ஏற்றினார்கள். கோரைக்குப் போனதும் பஞ்சநாதன் கைக்குப் போனதும் போக, காய் திரட்சியாகத்தான் இறங்கியிருந்தது. ஈடு தீர்ந்தது என்று ஊர் முன்னால் சொல்லி முடிக்க அங்கமுத்து மறுபடியும் களத்தில் சபை கூட்டினார். வெற்றிலையை மாற்றிக்கொண்டு எழுந்துவிடுகிற வேலைதான். ஆனால் பஞ்சநாதனோடு செங்கமலமும் வந்திருந்தாள். எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில் முன்னால் வந்து நின்றாள்.

“எனக்கும் ஒரு வழக்கு இருக்குங்க.”

“உனக்கு என்னம்மா வழக்கு?” என்றார் அங்கமுத்து. “போனவளே நீதான்.”

“போனதுக்குத்தான் ஈடு வாங்கியாச்சேங்க. நான் கேக்குறது இருந்ததுக்கு.”

அங்கமுத்துவுக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள்.

“நான் செஞ்ச வேலைக்கு ஒரு வெலை இருக்குன்னு நீங்கதான் தீர்ப்புச் சொன்னீங்க. அதுக்கு ஒரு ஆம்பளை ஒரு வெள்ளாமை பூரா ஒழைக்கணும்னு சொன்னீங்க. அவரு ஒழைச்சும் பத்தாம, கூலியாள் விட்டாங்க. போன நாளுக்கு இத்தன வெலைன்னா, இருந்த நாளுக்கு ஒண்ணும் இல்லையா? கல்யாணம் ஆனதுலேருந்து எத்தன வெள்ளாமை நான் எடுத்துக் குடுத்திருக்கேன். அதுக்கு எனக்கு யாரு ஈடு குடுக்குறது?”

வெள்ளைச்சாமிக் கிழவர் மட்டும், பெண்டாட்டி புருஷன் காட்டில் வேலை செய்வதற்குக் கூலி கேட்ட கதை உலகத்தில் உண்டா என்று முனகினார். அங்கமுத்து அதைப் பிடித்துக்கொண்டார்.

“அதானே. பொண்டாட்டி வேலைக்குக் கூலி கெடையாது தாயி. அது குடும்பம்.”

“சரிங்க” என்றாள் செங்கமலம். “கூலி இல்லாத வேலைன்னா அது போனதுல இவருக்கு என்ன நஷ்டம்? நஷ்டமே இல்லேன்னா எதுக்கு எங்க வூட்டு ஆளு இத்தன நாளா களை கொத்தினாரு? அப்ப அவரு கூலிய அவருக்குக் குடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு. எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்.”

அங்கமுத்து பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் துண்டை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார்கள். இப்படிப் போனாலும் வெங்காயம் போகிறது, அப்படிப் போனாலும் போகிறது. யாரோ சபையை வேறொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்றார். பெண்கள் பக்கத்தில் மலர்கொடி சத்தமாகவே சிரித்தாள். பஞ்சநாதன் தனக்குக் கூலி எதுவும் வேண்டாம் என்று சொல்லப் போனான். செங்கமலம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் சைக்கிள் பெல்லைத் துடைக்க ஆரம்பித்தான்.

சாமிதுரை எழுந்தான். வைகாசியில் பேசிய மாதிரி தரையைப் பார்த்துப் பேசவில்லை. பழக்கதோஷத்தில் கத்தித்தான் பேசினான்.

“அவ சொல்றது நெசந்தாங்க. ரெண்டு பேரு செஞ்சு பாத்தோம், முடியல. பட்டறையில பாதி அவளுக்குப் போகட்டும்.”

“பாதியா?” என்றார் அங்கமுத்து. “யோசிச்சுச் சொல்லுப்பா. இன்னிக்கு நீ குடுத்துட்டா நாளைக்கு ஊருல…” என்று சொல்லிக்கொண்டே பெண்கள் பக்கம் பார்த்தவர் மீதியைச் சொல்லவில்லை. வைக்கோல்போர் ஓரம் முழுக்கப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ரத்தினம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி என்றே தீர்ப்பாயிற்று.

அன்று மத்தியானமே மாட்டுவண்டி பிடித்துப் பட்டறையைப் பிரித்தார்கள். சாமிதுரை தானே அள்ளிச் சாக்கில் போட்டான். பெருவட்டாக இருந்ததை எல்லாம் அவள் சாக்கில் போடுவதையும், பொடியைத் தன் பக்கம் ஒதுக்குவதையும் செங்கமலம் கவனித்தாள். பஞ்சநாதன் சாக்கைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போயிருந்த நேரம், இரண்டு பேரும் பட்டறைக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்கள்.

“மழைக்கு முந்தி வித்துடு” என்றான் சாமிதுரை. “ஈரம் ஏறுனா அழுவிடும்.”

“விக்கிறேன்.”

அவன் இன்னொரு சாக்கைப் பிரித்தான். அவள் அதன் வாயைப் பிடித்துக்கொண்டாள். அவன் அள்ளிப் போட, அவள் குலுக்கிக் கொடுத்தாள்.

“காமாலையில நான் கெடந்தப்ப சந்தைக்குப் போனீங்களே” என்றாள். “மாடு ஒண்ணும் வாங்காம வந்துட்டீங்க.”

சாமிதுரை அள்ளின கையோடு நின்றான். களைவெட்டுப் பெண்கள் வழியாக ஊருக்கே தெரிந்த விஷயம் அவளுக்குத் தெரியாமல் இருக்காது என்று அவனுக்கும் தெரியும்.

“ஒண்ணும் புடிக்கல” என்றான்.

செங்கமலம் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். கட்டி முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, எருமைக்குச் சினை பிடித்திருக்கிற மாதிரி தெரிகிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னாள். அவன் காட்டுவதாகச் சொன்னான். பஞ்சநாதன் வந்து சாக்கைத் தூக்கினான்.

அவள் வெங்காயத்தை வைத்திருந்து, விலை ஏறியபோது விற்று, தன் பேரிலேயே ஒரு கறவை எருமை வாங்கினாள். பஞ்சநாதன் அதற்கும் கதை சொல்ல வேண்டியிருந்தது. சாமிதுரை அடுத்த தையில் மீன்சுருட்டிப் பக்கத்தில் புருஷனை இழந்த பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது பஞ்சநாதன்தான். அதெல்லாம் பின்னால் நடந்தது.

சபை கலைந்த அன்று அங்கமுத்து நேராக வீட்டுக்குப் போகவில்லை. சொசைட்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். மாடு இல்லாதவர் அங்கே என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். எழுந்து டீக்கடைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஊரில் பாதி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. தீர்ப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. விளக்கு வைத்த பிறகு, பசி தாங்காமல் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

ரத்தினம்மாள் தண்ணீர் எடுத்து வைத்தாள். வட்டிலில் சோளச்சோற்றைப் போட்டு மொச்சைக் குழம்பு ஊற்றினாள். ஊற்றிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போகாமல் அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“நமக்குக் கல்யாணம் ஆனது அந்தப் பெரிய புயலுக்கு முந்தியா, பிந்தியா?”

அங்கமுத்து வாயருகே கொண்டுபோன கையை இறக்கினார். சாப்பிட்டுவிட்டுப் பேசலாமே என்றார்.

“நிதானமா சாப்புடுங்க” என்றாள் ரத்தினம்மாள். “நான் எங்கயும் போகல.”